நாற்காலி உயரத்துக்கு ஒரு கார்

என்னிடம் பழைய ஜெர்மன் கார் ஒன்று இருக்கிறது. முதுகு வளைந்து, இன்ஜின் பின்னால் இருக்கிற ரகம். அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும். அக்கா மட்டும் உட்கார்ந்து கேட்பாள். அவளுக்கும் அந்தக் கார் வேண்டும்.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே கால்கள் விளங்காமல் போய்விட்டன. சக்கர நாற்காலிதான். ஞாயிறு தோறும் சாயங்காலம் ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போவோம். நாற்காலியைக் கார்க் கதவோரம் ஒட்டி வைத்தால் போதும், கைகளை ஊன்றி ஒரே எழும்பலில் முன்சீட்டுக்கு மாறிவிடுவாள். அங்கே போய் அதேபோல் இறங்குவாள். நாற்காலியும் சீட்டும் ஒரே உயரமாக இருந்ததால் நடந்த காரியம் அது. யாரும் அவளைத் தொட வேண்டாம். தொட்டால் கோபம் வரும்.

ஒரு வருஷமாகக் காரின் பின்பக்கம், முக்கியமாக இடதுபுறம், இறங்கிக்கொண்டே வந்தது. அவள் உட்காருகிற பக்கமும் அதுதான். ஏறுவது சறுக்கலாயிற்று, இறங்குவது பெரும்பாடாயிற்று. ஒரு ஞாயிறு துறைமுகத்தில் இரண்டு முறை எழும்பி, இரண்டு முறையும் சீட்டிலேயே விழுந்தாள். மூன்றாவது முறைக்கு நான் விடவில்லை, குழந்தையைப் போல அள்ளித் தூக்கிவிட்டேன். மீன் ஏலத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு "தலைவலிடா" என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் தலைவலி. அது தலைவலி இல்லை என்று எனக்குத் தெரியாதா?

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் மார்த்தாண்டத்துக்காரரிடம் காரைக் கொண்டுபோனேன். என் வயதுதான் இருக்கும். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சாரே, கடக்காத்து தின்னிருக்கு. வாரா வாரம் எங்க கொண்டு நிறுத்துதிய?"

விழிஞ்ஞம் கடலோரத்தில் என்றேன்; அக்காவைப் பற்றியும் அவள் ஏறி இறங்கும் விதத்தையும் சொன்னேன். அக்காவின் ஞாயிறுகளே அவளுக்கு வினையாகியிருந்தன.

இந்தக் காரில் பின்சக்கரத்துக்குச் சுருள் வில் கிடையாது. குறுக்கே போகும் ஓர் எஃகுக் கம்பி முறுக்கிக்கொண்டு பாரம் தாங்கும். கம்பியின் முனையில் பற்கள். அதில் மாட்டியிருக்கும் பட்டையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் கார் உயரும். எங்கள் காரில் பட்டையும் பல்லும் துருவேறி ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தன.

"சுத்தியலால ரெண்டு போடுங்களேன்" என்றேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே இல்லை.

"கம்பியில ஒரு கீறல் விழுந்தாப் போதும், என்னைக்காவது நடுரோட்டுல ஒடியும். அக்கா இருக்க வண்டியில்லா?"

காலையும் மாலையும் எண்ணெய் விட்டார், பட்டையைச் சூடு காட்டினார், லேசாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மறுபடி எண்ணெய். நான் தினமும் போய் நின்று எரிச்சல்பட்டதுதான் மிச்சம். ஆறாம் நாள் 'டிக்' என்று சத்தம் வந்தது. பட்டை அசைந்துவிட்டது.

காரோடு வந்த கையேட்டை நீட்டினேன். பட்டையை எத்தனை டிகிரி சாய்வில் மாட்ட வேண்டும் என்பதைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்க நாற்காலி ஒண்ணு கிட்டுமா?" என்று கேட்டார். வீட்டில் அதே உயரத்தில் பழையது ஒன்று இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் போனால், அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார்! இரண்டு கால்களையும் டியூப் ரப்பரால் சேர்த்துக் கட்டியிருக்கிறார். கையை ஊன்றி எம்பிக் கார் சீட்டுக்குப் போகிறார், திரும்ப எம்பி நாற்காலிக்கு வருகிறார். பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"விளையாடற சாமானா அது?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. மூச்சு வாங்கியது.

"ஏறுதது ஒண்ணுமில்ல சாரே. எறங்குததுதான் பாடு. ஒங்க புஸ்தகத்துல உள்ள அளவு காணாது. சீட்டும் இத்தன வருசத்துல அமுங்கிப்போச்சு. ரெண்டு பக்கமும் ஒரு பல் கூட்டி வைக்கணும்."

வெட்கமாக இருந்தது. அந்த நாற்காலியை எத்தனை வருஷமாக மடக்கி ஏற்றுகிறேன், இறக்கி விரிக்கிறேன். ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒரு வாரம் பழகிய மனிதர் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைப்போல ஒரு தொழில்காரரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

ஒரு பல் கூட்டித்தான் வைத்தார். ஜாக்கியை இறக்கியதும் கார் ஏகத்துக்கு உயர்ந்து நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள், "ஓடினாத்தான் சாரே இருத்தும்" என்றார். ஒரு சுற்றுப் போய் வந்ததும் இறங்கி அமைந்தது. ஆனாலும் வாத்தைப் போலப் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. "வண்டி சரியாயிடுத்து" என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தூக்க மாட்டியே?"

"தொடவே மாட்டேன்."

விழிஞ்ஞத்தில் நாற்காலியைக் கதவோரம் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றேன்.

"எந்தாடா நிக்கறே? போய் சாயா வாங்கிண்டு வா."

போனேன். டீக்கடையில் கூட்டம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒருவழியாக இரண்டு கிளாஸை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கார்க் கதவு திறந்து கிடந்தது. சீட்டில் ஆள் இல்லை. நாற்காலியும் இல்லை. தூரத்தில் கடல் சுவரோரமிருந்து அக்காவின் குரல் கேட்டது:

"சாயா ஆறிப்போறதுடா, வேகம் வா!"