ஏழாம் கட்டில் பெல்

சிம்மக்கல்லில் பெல் வயரிங் என்றால் உபைதுல்லாதான். வீட்டு பெல்லிலிருந்து லிஃப்ட் பொத்தான் வரை, சின்ன வோல்ட் வேலை எதுவானாலும் அவரைத் தேடித்தான் வருவார்கள். வேலை முடிந்ததும் அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சொம்புத் தண்ணீரில் கையை நனைத்து, ஒவ்வொரு பொத்தானையும் ஈரக்கையோடு தானே அமுக்கிப் பார்ப்பார். "அடுத்தவன் கை படுறதுக்கு முன்னால நம்ம கை படணும்" என்பார். அதில் மனிதருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் ஆளைக் கவிழ்த்தது.

தொண்ணூற்றெட்டில் டாக்டர் நாகமணி பன்னிரண்டு கட்டிலோடு ஒரு மருத்துவமனை கட்டினார். நோயாளி படுத்தபடியே நர்ஸைக் கூப்பிடக் கட்டிலுக்கு ஒரு பொத்தான். அதில் ஓடுவது வெறும் இருபத்திநாலு வோல்ட். தொட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த வயரின் தோல் மெல்லிசு. லைட்டுக்குப் போகும் இருநூற்று முப்பது வோல்ட் வயரோடு அது ஒரே பைப்பில் போகக் கூடாது என்பது விதி; தோல் தேய்ந்தால் அந்தப் பெரிய கரண்ட் பொத்தானுக்கே வந்துவிடும்.

திறப்புவிழாவுக்கு முந்தின நாள் பார்த்து, ஏழாம் கட்டிலுக்கான பெல் பைப்பில் சிமெண்ட் புகுந்து அடைத்துக் கிடந்தது. புதுப் பெயிண்ட் அடித்த சுவரின் மேல் மரப்பட்டி அடித்து வயர் கொண்டுபோக டாக்டர் சம்மதிக்கவில்லை.

"லைட் பைப்புலயே இழுத்து விடுங்க பாய். உள்ள எட்டியா பாக்கப் போறாங்க?" என்றார் லைட் வயரிங் பார்த்த ராமதாஸ்.

தன் ஈரக்கைச் சோதனையை நம்பி உபைதுல்லா இழுத்துவிட்டார். ஈரக்கையால் அமுக்கினார். மணி அடித்தது, கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. போதாதா?

போதவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். இன்றைக்குத் தேறிய வயர் நாளைக்கு உரசித் தேயாது என்று எந்த ஈரக்கை சொல்லும்? மூன்று வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தக் கட்டில்ல யாரோ படுத்திருக்காகள்ல? போய்ச் சொல்லிட்டு வாங்க" என்று மனைவி சைனப் விரட்டினாள்.

நாகமலை புதுக்கோட்டையில் டாக்டர் கட்டப்போகும் அடுத்த கட்டடத்தின் பெல் வேலையும் அவருக்குத்தான் என்று பேச்சு இருந்தது. உண்மையைச் சொன்னால் அது கைநழுவும். தெரிந்தேதான் போனார்.

டாக்டரின் முகம் கறுத்தது. "இனிமே உங்களை நம்பி எப்படி வேலை குடுக்குறது பாய்?"

"குடுக்க வேணாம் டாக்டர். இன்னைக்கு அந்த ரூம்ல கரண்டை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

ஏழாம் கட்டிலில் டி. கல்லுப்பட்டிக்காரி பாண்டியம்மாள், ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க, உபைதுல்லா வயர்களை வெளியே இழுத்தார். பெல் வயரின் தோல் ஓரிடத்தில் உரிந்து செம்பு தெரிந்தது. அதை ஒட்டினாற்போல, லைட் வயரின் ஜாயின்ட்டில் சுற்றிய டேப்பும் நெகிழ்ந்திருந்தது.

சுவரின் மேல் பட்டி அடித்து, புது வயரைத் தனியாகக் கொண்டுவந்தார். கரண்ட் வந்ததும் சொம்பை எடுத்தார்.

"கையை எதுக்குத் தம்பி நனைக்கிற?"

மறைக்க மனம் வரவில்லை. "நான் செஞ்ச தப்பு அக்கா. இம்புட்டு நாளா இந்தப் பொத்தான்ல உங்க உசிரு இருந்துச்சு. இப்பச் சரிபண்ணிட்டேன். நான் மொதல்ல அமுக்கிப் பாத்துடுறேன்."

பாண்டியம்மாள் சொம்புக்குள் தன் விரல்களை விட்டு எடுத்தாள். அவர் "அக்கா!" என்று பதறித் தடுப்பதற்குள் பொத்தானை அமுக்கினாள்.

மணி அடித்தது. நர்ஸ் ஓடி வந்து பார்த்தபோது, நோயாளி சிரித்துக்கொண்டிருந்தாள். பெல் வயரிங்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.