ஒரு பக்கம் மட்டும் மண் பட்ட சட்டை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிரப் பேனாவுக்கு என்னிடம் வேலை இருந்ததில்லை. ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றுக்குப் போய்விடுவேன், ஆட்களின் முகம் நினைவிருந்தால் பேர் நினைவிருக்காது. எங்கள் ஃபுட்பால் கிளப் மலருக்கு என் நாத்தனாரைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லவும் கூச்சமாக இருந்ததால் எழுத உட்கார்ந்துவிட்டேன். தப்பும் தவறுமாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாத்தனாரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம் இல்லை, கோல் கீப்பரின் மஞ்சள் சட்டைதான். எங்கள் வீட்டுப் பின்பக்கத் துவைக்கும் கல்லில், மழைக்காலத்து வெளிச்சத்தில், நனைந்து கிடந்த முழுக்கைச் சட்டை.

என் வீட்டுக்காரரின் அக்கா அவர். தெலுங்கும் உருதுவும் கலந்து பேசுகிற இந்த மெட்டுகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸ் சந்துகளில் எல்லோருக்கும் அவர் பெரியத்தை. மருத்துவமனையில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. எங்களோடுதான் இருந்தார். ஃபுட்பால் மேட்ச் என்றால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு ஒரு அடி தள்ளிப் போட்டு உட்காருவார். அவர் தொண்டை எதிர் அணிக்காரர்களுக்குக்கூடத் தெரியும். தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் கூடப் போவேன். கூட்டத்தில் உட்கார எனக்குக் கூச்சம். கோல் கம்பத்துக்குப் பின்னால், சுவரோரமாக நின்றுகொள்வேன்.

எங்கள் அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வீடு ஜெர்சிகளைத் துவைத்துத் தரவேண்டும். அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. மிஷினில் போட்டால் சாயம் போகும் என்று நாத்தனார் தடுத்துவிட்டார். பதினாறு சட்டைகளையும் நான் கையால்தான் துவைத்தேன். எங்கள் மைதானத்துச் செம்மண் லேசில் போகாது. ஊறவைத்து, பிரஷ் போட்டு, கையிலே கசக்கி எடுக்கவேண்டும்.

அந்த வருஷந்தான் நேரம் சரியில்லாமல் போயிற்று. முதல் மேட்ச் தோல்வி. இரண்டாவது தோல்வி. அப்படியே வரிசையாக ஆறு. இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதையும் விட்டால் கீழ் டிவிஷனுக்கு இறங்கவேண்டும். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஆடிய அணி அது. இறங்கியதே இல்லை. குவார்ட்டர்ஸில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஈரானி ஓட்டலில் ஒரு டீக்கு ஒரு சண்டை. ஃபார்வர்டைத் திட்டுவார்கள், பேக்கைத் திட்டுவார்கள், கோச் மாஸ்டரைத் திட்டுவார்கள். தான் பார்த்தால் தோற்கிறது என்று ஒருத்தர் ஆட்டம் முழுக்க மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அப்போதும் தோற்றது. கோல் கம்பத்தில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். பந்து பட்டுப் பழம்தான் அறுந்து விழுந்தது.

ரசிகர்களுக்குத் தலைவர் மாதிரி ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் இருந்தார். எங்கள் பிள்ளைகள் பந்தோடு முன்னால் ஓடினால் பச்சைக் கொடி காட்டுவார், எதிரிகள் வந்தால் சிவப்பு. ஆறாவது தோல்வி முடிந்ததும் இரண்டையும் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"நல்லா யோசிச்சிட்டேன். துணி இவங்க வூட்டுக்குப் போனதுல இருந்துதான் தோக்குறோம். ராசியைத் துவைச்சித் துவைச்சி எடுத்துட்டாங்க. இனிமே துவைக்கறது நக்கோ, வேணாம். கடைசி மேட்சுக்கு அழுக்கோடவே ஆடட்டும்."

யாரோ ஒருவர் "ஹவ், கரெக்ட்" என்றார். இன்னும் சிலர் தலையாட்டினார்கள். எனக்கு அந்தச் செம்மண் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. நாத்தனார் விடவில்லை.

"இன்னா கார்டு சார், கோல் வுட்டது அவன், அடிக்காம நின்னது இவன். பழி எங்க வூட்டு சோப்புமேலயா?"

"நீ கத்தாதே பெரியத்தை. வேற காரணம் இருந்தா காட்டு, ஒத்துக்கறேன்."

நாத்தனாரால் காட்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். என்னைக் குறை சொன்னார்களே என்ற கோபமா, அணி இறங்கப்போகிறதே என்ற துக்கமா, தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும்.

அன்று ஆடிய ஜெர்சிகள் வாளியில் கிடந்தன. துவைக்காதே என்று சொன்னாலும் ஈரத்தோடு விட்டால் நாறிப்போகுமே என்று ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டேன். கீப்பரின் மஞ்சள் சட்டை வந்தபோது கை நின்றது. வலது முழங்கை தேய்ந்து நூல் தெரிந்தது, வலது விலாவெல்லாம் மண். இடது பக்கம் கடையில் வாங்கிய மாதிரி அப்படியே இருந்தது. இத்தனை வாரமும் அப்படித்தான் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தச் சட்டையின் இடது கைக்கு நான் பிரஷ் போட்டதே இல்லை. கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்த கோல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாம் அவனுக்கு இடது பக்கமாகப் போனவை. அந்தப் பக்கம் அவன் ஒரு முறைகூட விழவில்லை. காலை மட்டும் நீட்டிப் பார்த்தான்.

நாத்தனாரை எழுப்பிச் சொன்னேன். அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடியே, ஆறு மேட்ச் கண்ணு கொட்டாம பாத்தேன். எனக்குத் தெரியலையே!"

"நீங்கள் பந்தைப் பார்த்தீர்கள் அண்ணி, எனக்கு மண்தானே தெரியும்" என்று சொன்னதாக ஞாபகம்.

மறுநாள் காலையில் பிராக்டிஸ் நடக்கும்போது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் வரமாட்டேன் என்றேன். நீங்களே சொல்லுங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"நான் சொன்னா, பெரியத்தை வழக்கம்போலக் கத்துதுன்னுவாங்க. நீ வாயைத் தொறந்து ஒருத்தனும் பாத்ததில்ல. நீ தொறந்தா கேப்பாங்க."

கார்டு, மாஸ்டர், பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். சட்டையை மட்டும் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்துக் காட்டினேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. கீப்பருக்குப் புரிந்தது. நல்ல உயரம், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டான்.

"லெஃப்ட் ஷோல்டர்ல நொப்பி, அத்தை. ரெண்டு மாசமா. சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவாங்கன்னு..."

வலி என்பதைத் தெலுங்கில்தான் சொன்னான், உள்ளூர்ப் பள்ளியில் படித்தவன். ரயில்வே வேலைக்கு விளையாட்டுத் தேர்வு வரவிருந்தது, அதற்காக மறைத்திருக்கிறான். மாஸ்டர் அவன் தோளில் கை வைத்தார், அவன் துடித்துவிட்டான். நாத்தனார் அவனைத் திட்டுவார் என்று பார்த்தேன். மருத்துவமனையில் இருந்தவர் அல்லவா, அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். போகும் முன் கார்டு பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை கேட்டார்:

"ராசி சோப்புல போச்சா, தோள்ல போச்சா?"

கார்டு பச்சைக் கொடியை விரித்துக் காட்டி அவர்களுக்கு வழிவிட்டார்.

வேறு கீப்பர் இல்லை. பழைய கீப்பர் ஒருத்தர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பதை நெருங்கியவர், தொந்தி வேறு. சட்டை அவருக்குப் பற்றவில்லை. நான் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து மஞ்சள் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். துவைத்துத்தான் கொடுத்தேன். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடைசி மேட்சுக்கு மொத்தக் குவார்ட்டர்ஸும் வந்திருந்தது. ஆட்டோக்காரர் உள்ளே வந்ததும் எதிர் ரசிகர்கள் "அண்ணா, மீட்டர் போடு!" என்று கத்தினார்கள். "உங்களை வூட்ல கொண்டுபோய் வுடத்தான் வந்திருக்கான், ஏறி உக்காருங்க!" என்று நாத்தனார் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் பாதியில் எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் போட்டார்கள். கார்டு அவசரத்தில் சிவப்புக் கொடியை ஆட்டிவிட்டார். நல்லவேளை, வண்டி நிற்கவில்லை.

முடியப்போகிற நேரத்தில் அவர்களுக்குப் பெனால்டி கொடுத்துவிட்டார்கள். அது உள்ளே போனால் சமம். சமமானால் இறங்கவேண்டியதுதான். என் கம்பத்துப் பக்கம்தான். அடிக்கிறவன் எங்கே அடிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆறு மேட்சாக ஊரே எங்களுக்கு அங்கேதானே அடித்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "இடது பக்கம்! இடது பக்கம் விழு!" என்று கத்தினேன். அந்த உடம்பு இடது பக்கமாகப் பாய்ந்தது. பந்து கையில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே உருண்டது. அவர் எழுந்தபோது அந்தச் சட்டையின் இடது பக்கம் முழுக்க, தோளிலிருந்து இடுப்புவரை, செம்மண்.

பிள்ளைகள் அவரைத் தூக்கப் பார்த்தார்கள், முடியாமல் எல்லோருமாகச் சேர்ந்து விழுந்தார்கள். நாத்தனார் பந்தைப் பார்க்கவில்லை, ஆட்டோக்காரரைப் பார்க்கவில்லை. நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிப்பாவி, இத்தனை வருஷம் இந்தத் தொண்டையை எங்கடி வெச்சிருந்தே?"

நாத்தனார் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகிறது. தோள் சரியாகி அந்தப் பிள்ளை மறு சீசனே ஆடவந்தான், இப்போது ரயில்வேயில் இருக்கிறான். அணி இன்றுவரை இறங்கவில்லை. நான் இப்போது சுவரோரம் நிற்பதில்லை. கோட்டுக்கு ஒரு அடி தள்ளித்தான் உட்காருகிறேன். போன வாரம் ரெஃப்ரி என்னைப் பார்த்து "அம்மா, கொஞ்சம் மெதுவா" என்று கும்பிட்டார்.

ஒரு கோலா இரண்டு கோலா, கார்டு சிவப்புக் கொடி ஆட்டியது அந்த மேட்சிலா வேறு மேட்சிலா என்பதெல்லாம் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது. மலர் போடுகிற பிள்ளைகள் அச்சுக்குக் கொடுக்கும் முன் கார்டு சாரையும் ஆட்டோக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டு, தவறு இருந்தால் அடித்துத் திருத்திவிடுங்கள். அவர் பாய்ந்தது இடது பக்கம் என்பதை மட்டும் யாரையும் கேட்கவேண்டாம். மறுநாள் அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான்.