சகலை முயலின் காதில் இரண்டு துளை

என் மனைவியின் தங்கை கணவன், அதாவது என் சகலை, ஒரு முயலுக்குச் செய்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியர். கொடைக்கானலில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் ஊர் திரும்பும்போது, கொடைரோடு ஸ்டேஷனில் தன் முயல் ஜோடியை என்னிடம் ஒப்படைத்தார். கூடவே டைப் அடித்த ஒரு தாள். இங்கிலாந்தின் நீளக் காது முயலைக் கறிக்கு வளர்க்கும் பெருமுயலோடு சேர்த்து அவர் நாட்டில் உருவாக்கிய இனமாம். எடை பத்து பவுண்டுக்குக் குறையக் கூடாது. தலை அகலமாக, கழுத்தே தெரியாமல் இருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு காதும் கன்னத்தை ஒட்டிக் குதிரை லாடம் போலத் தொங்க வேண்டும். ஒரு காது தூக்கினாலும், காதில் துளையோ காயமோ இருந்தாலும் போட்டியில் தள்ளுபடி.

முதல் ஈற்றில் ஒரு குட்டியைச் சகலை கேட்டு வாங்கிப் போனான். வேடசந்தூர் மில்லில் அவனுக்கு வேலை.

மறு வருடம் திண்டுக்கல் கண்காட்சியில் முயலுக்கும் பரிசு என்றார்கள். நடுவராக வந்த மாட்டு டாக்டர் இந்த இனத்தைப் பார்த்ததே இல்லை. அதனால் என் தாளை அவரிடம் கொடுத்திருந்தேன். சகலையின் கூண்டு என் கூண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"என்னண்ணே, ஒங்க முயலுக்குக் காது இம்புட்டுத்தானா?" என்றான், கூட்டத்துக்குக் கேட்கும்படி.

அவன் முயலின் காதைத் தூக்கிப் பார்த்தேன். ஓரத்தில் துளை. மற்ற காதிலும் அதே இடத்தில்.

"ஏலே, இது என்ன?"

"கூண்டுக் கம்பி குத்திருச்சு."

பக்கத்தில் நின்ற அவன் மனைவி அழுதுவிட்டாள். "காது நீளமாத் தொங்கணும்னு ஓட்ட போட்டு, தூண்டில் ஈயக்குண்டக் கட்டிவிட்டாக அத்தான். வேணாம்னு சொன்னேன், கேக்கல."

"திருட்டுப் பயலே" என்று கத்தினேன். அவன் சட்டையைப் பிடித்தேன். விலக்கிவிட்டார்கள். நடுவர் பட்டியலில் அவன் பெயரை அடித்தார். உடனே அவன் என் கூண்டைக் காட்டினான். வெயிலிலும் கூச்சலிலும் என் முயல் ஒரு காதைத் தூக்கியிருந்தது.

"நீங்க குடுத்த தாளுதான் சார்" என்று நடுவர் என் பெயரையும் அடித்தார். ரெட்டியார்சத்திரத்துக்காரர் ஒருவரின் சாதாரண வெள்ளை முயலுக்குப் பரிசு போனது.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் கொழுந்தியாள் ஒரு கூடையோடு வந்தாள். உள்ளே அந்த முயல். காது வீங்கிச் சீழ் வைத்திருந்தது.

"நீங்களே வச்சுக்கங்க அத்தான். ஆனா ஊருக்கு முன்னாடி அவுகள அப்படிப் பேசியிருக்க வேணாம்."

"அவன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றேன்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். ஒரு காது பாதி அழுகி விழுந்தது, முயல் பிழைத்தது. அவனும் வரவில்லை, நானும் போகவில்லை. என் முயல் தோற்ற கோபம்தான் இது என்பாள் மனைவி. அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சில வருடம் கழித்து அவன் மாரடைப்பில் இறந்தபோது அவள் மட்டும் பஸ் ஏறினாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.