ராட்டினத்தின் மாத்திரைத் தட்டு

பழைய பிரிண்டரின் வயிற்றைக் கிழித்து மோட்டாரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு திருகாணிகள். அவை வாயில் இருக்கும்வரை வீட்டுக்கு அவர் பேச்சிலிருந்து விடுதலை. தெருவில் அவருக்கு ராட்டினம் என்று பேர். அவர் வீட்டில் எதுவும் சும்மா நிற்காது. பூந்தொட்டி சுற்றும், செருப்பு அடுக்கு சுற்றும். குடைக் கொக்கி சுற்றிக் குடை வந்து சேர்வதற்குள் மழை விட்டிருக்கும்.

“சாதா மோட்டார் கண்ணுமண்ணு தெரியாம சுத்தும். இது ஸ்டெப்பர். சொன்ன அளவுக்கு எண்ணி எண்ணித் திரும்பி, டக்குனு நிக்கும்” என்பார், வந்தவர் உட்காரும் முன்பே.

பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன மனைவிக்கு அவர் செய்த ஒரே பணிவிடை மாத்திரைத் தட்டு. வட்டமாக அறைகள், மேலே ஒற்றைத் துளையுள்ள மூடி. பொத்தானை அழுத்தினால் அடியிலுள்ள ஸ்டெப்பர் தட்டைத் திருப்பி, அந்த வேளைக்கான அறை துளைக்கு நேரே வரும்; திரையில் வேளையின் பெயர் தெரியும். துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது எல்லாம் மனைவியின் தங்கை பாடு. மறுநாளுக்கான எல்லா அறைகளையும் முந்தைய இரவே நிரப்பி வைப்பதும் அவள்தான். பொத்தானை அழுத்தி, துளையில் வருவதை எடுத்துக் கொடுப்பது மட்டும் இவர்.

ஒருநாள் காலை, வாயில் உணவோடு அக்காவின் தலை துவண்டது. தங்கை அவளை ஒருக்களித்துச் சாய்த்து, விரலை விட்டு வாயைச் சுத்தம் செய்தாள். மூச்சு சீரானதும் தட்டைப் பார்த்தாள். அடியில் துவாலை நுனி சிக்கியிருந்தது. திரையில் ‘காலை’, துளைக்கு நேரே இரவு அறை; நேற்றிரவு அவள் நிரப்பி வைத்தது, இப்போது காலி.

“தூக்க மாத்திரையக் குடுத்திருக்கீங்க, அத்தான்.”

“வாய்ப்பே இல்ல. மோட்டார் எண்ணிக்கை தப்பாது.”

“எண்ணிக்கை தப்பல. தட்டு திரும்பல. சிக்கிக்கிட்டு நின்னாலும் திரும்பிட்டதாவே நெனச்சுக்குற மோட்டார் அது. உங்களுக்குக் கண்ணு எதுக்கு இருக்கு?”

துவாலையை அங்கே போட்டது யார் என்று அவர் விசாரிக்கத் தொடங்கினார்.

மறுநாள் தட்டின் அடியில் துவாலை நுழையாதபடி தகடு அடித்து, மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல் கட்டிலருகே கொண்டுவந்தார். “இனிமே கவலையே இல்ல.” பொத்தானை அழுத்தினார்.

மனைவி நல்ல கையை மெல்ல நீட்டி, தட்டின் விளிம்பில் ஒரு விரலை ஊன்றினாள். மோட்டார் உறுமியது. தட்டு அசையவில்லை. தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, குனிந்து, திரையிலிருந்த ‘காலை’யை வாசித்துத் தலையாட்டினார்.