நீக்கிலாசின் இருமலும் பிளாசியாரின் மெழுகுதிரியும்

மன்னாரில் ஒரு கோழிகூட வளர்த்தறியாத நீக்கிலாஸ், கனடாவுக்கு வந்துதான் மிருகங்களோடு மாரடித்தான். இருப்பு டோர்செட் பார்க்கில் ஒரு மாடிவீடு. வேலை, ஆய்வுகூடம் ஒன்றில் கூடு கழுவுவது. கூட்டுக்குள் இருப்பது ஃபெரெட். கீரியின் இனசனம் போல நீட்டு உடம்பு. வீட்டில் அவன் கீரி என்றே சொல்லுவான். மனிதனைப் போலவே அதுவும் தடிமன் பிடித்துத் தும்மும். அதனால்தான் பறவைக் காய்ச்சல் கிருமியை அதன் மூக்கில் விட்டுப் பார்க்கிறார்கள்.

அவன் தலையை மூடிய பாதுகாப்பு உறைக்குள் காற்று இயந்திரம் இரையும். அதையும் மீறி அந்தத் தும்மல் கேட்கும், தொட்டில் பிள்ளை தும்மினது போல. பிறகு நின்றுவிடும்.

"தும்மல் நிண்டால் சுகம்தானே, பிள்ளை?" என்று ஒருநாள் மெலனியைக் கேட்டான். செத்ததுகளின் நுரையீரலை வெட்டிப் பார்க்கும் டொக்டர் அவள். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை.

"நோ அங்கிள், அது கீழ இறங்கிட்டுது. வாங்கோ, ஷோ பண்ணுறன்."

திரையில் காட்டினாள். நல்ல மூச்சுக்குழாயின் உள்ளே கம்பளம் போல நுண்மயிர் நின்றது. சளியை மேலே தள்ளுவது அதுதான். நோய் விழுந்த குழாயில் மயிருமில்லை, தோலுமில்லை, உரித்துப் போட்டது போலக் கிடந்தது. நுரையீரலில் காற்று நிற்க வேண்டிய சின்னச் சின்ன அறைகளில் நீரும் இரத்தமும். வருசா வருசம் வரும் காய்ச்சல் பெரும்பாலும் மூக்கோடும் தொண்டையோடும் நிற்குமாம். இது அடிவரைக்கும் போகுமாம்.

"டிரவுணிங் மாதிரி, அங்கிள். தண்ணிக்குள்ள விழாமலே."

அன்றிலிருந்து பஸ் கதவு 'உஸ்' என்று மூடினாலும் அவன் காதில் கீரிதான் மூச்செடுத்தது.

ஜனவரிக் கடைசியில், குனிந்து கூடு இழுக்கையில் உறையின் காற்றுக் குழாய் கழன்றது. உடனே மாட்டினான், உடனே சொன்னான். மருந்து கொடுத்து, வீட்டில் இரு என்றார்கள். சனத்துக்குள் போகாதே, இருமினால் இந்த எண்ணுக்கு எடு என்று ஓர் அட்டையும் தந்தார்கள்.

தொண்டை நோய்க்குக் காவலரான புனிதர் பிளாசியாரின் திருநாளன்று காலை இருமினான்.

மனைவி வேரோனிக்கா அட்டையைப் பறித்து மாதா சுரூபத்துக்குப் பின்னால் செருகினாள்.

"உது வெறும் தடிமன். ஃபோன் எடுத்தியளெண்டால் கீரியோட கீரியா உங்களையும் கூட்டுக்குள்ள போட்டிடுவாங்கள். பிறகு ஆர் எங்கட வாசலை மிதிப்பினம்? முதல் கோயிலுக்குப் போய்த் தொண்டைக்கு ஆசீர் வாங்குவம். பிறகு எடுங்கோ."

"போகக் கூடாதெண்டு டொக்டர்மார் சொன்னவை."

"பிளாசியாரும் டொக்டராய் இருந்தவர்தான்!"

கழுத்துத் துணியைச் சுற்றினான். போனான்.

வெக்ஸ்போர்ட் கோயிலில் வரிசை நீண்டிருந்தது. ஃபாதர் கொளுத்தாத இரண்டு மெழுகுதிரியைச் சிலுவையாகப் பிடித்து, ஒவ்வொரு தொண்டையிலும் அணைத்துச் செபித்தார். ஒருவர் தொண்டையில் பட்டதே அடுத்தவர் தொண்டையிலும் பட்டது. பிறந்தது முதல் பார்த்த காரியம். இன்றைக்குத்தான் கண்ணில் குத்தியது.

பின்னால் நின்ற யூஜினி அன்ரி, ஆஸ்துமா இழுப்புக்காரி, அவனுடைய முதுகில் தட்டினாள்.

"நகருமன் தம்பி. உம்மட தொண்டை என்ன பாட்டுப் படிக்கவே போகுது? பழுதாப்போன தொண்டை நான் நிக்கிறன்."

சிரித்தபோது அவள் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. கூட்டு மூலையில் சுருண்ட கீரியின் வயிறும் அப்படித்தான் போய் வரும்.

இருமல் ஏறியது. கழுத்துத் துணிக்குள் முகத்தைப் புதைத்து அமுக்கினான். ஃபாதர் திரியை நீட்டினார். நீக்கிலாஸ் வரிசையை விட்டு விலகி, பக்கக் கதவால் பனிக்குள் இறங்கினான்.

அட்டையில் இருந்த எண் மனப்பாடம். எடுத்தான். அவனுடைய கையுறையைத் தூக்கிக்கொண்டு வேரோனிக்கா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"கிட்ட வராதை! அங்கயே நில்."

அவன் அவளை இப்படி அதட்டினதில்லை. நின்றாள்.

ஆர் ஆருக்குக் கிட்ட நின்றாய் என்று ஃபோனில் ஒரு பெண் கேட்டாள்.

"வைஃப்," என்றான். "பிறகு..."

கதவுக் கண்ணாடியால் தெரிந்தது. யூஜினி அன்ரி நாடியை உயர்த்திக் கொடுத்தாள். அவன் தொண்டையைத் தொடாத திரிதான் அவளைத் தொட்டது. ஆனால் வரிசையில் நின்ற அவ்வளவு நேரமும், அந்த இழுப்புக்காரி இழுத்ததெல்லாம் அவன் விட்ட மூச்சைத்தான்.

"யூஜினி," என்றான். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள் ஃபோன்காரி.