கலாராணியின் மூன்று புதன்கிழமைகள்

அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன். கலாராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். முப்பத்தொரு வயது. கொழுந்தெடுப்பதில் கை வேகம், வாய் அதைவிட வேகம். கல்யாணமாகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. புருஷன் சுரேஸுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவான்.

போன வருஷம் ஆவணியில் அவன் ஏதோ இரத்த தான முகாமில் இரத்தம் கொடுத்தான். பிறகு அவனைக் கூப்பிட்டு, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அவன் பெண்டாட்டிக்குப் போனில்தான் சொன்னான். அவள் அப்போது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“நீயும் போயி ரத்தம் பாத்துக்க. எப்பவோ ஒரு தடவ நடந்து போச்சு. மன்னிச்சிக்க.”

“யாரோட?” என்று கேட்டாள். லைன் போய்விட்டது. சிக்னல் இல்லை என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். அவன்தான் வைத்தான் என்று நான் சொல்வேன். இவ்வளவு பெரிய சேதியைச் சொல்ல ஒரு பஸ் ஏறி வராதவன் அதையும் செய்வான்.

லயத்துச் சுவர் கூரைவரை போகாது. இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அதனால் அவளுக்கு வாய்விட்டு அழக்கூட இடமில்லை. பயம் ஒன்றே ஒன்றுதான். விஷயம் வெளியே தெரிந்தால் கொழும்பில் இருப்பவனை யாரும் கேட்கப் போவதில்லை. புருஷன் பக்கத்தில் இல்லாதவள் என்று அவளைத்தான் பேசுவார்கள். எங்கள் லயத்தை எனக்குத் தெரியும், பேசியிருப்பார்கள்.

வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பதுளைக்குப் போனாள். பரிசோதனையில் அவளுக்கும் இருந்தது. மர்லியா என்ற நர்ஸ் அவளை உட்கார வைத்துப் பேசினாள்.

“ஊசி மூணு. வாரத்துக்கு ஒண்ணு, புதன்கிழமையில வாங்க. ஒண்ணையும் விட வேணாம். போட்டு முடிச்சா சுகமாயிரும்.”

“புள்ள பொறக்குமா மிஸ்?”

“ஏன் பொறக்காது? சுகமான பொறகு தாராளமாப் பெத்துக்கலாம். கூட யாரு வந்திருக்காங்க?”

“யாருமில்ல மிஸ்.”

அந்த ஊசி இடுப்புக்குக் கீழே போடுவது. இரண்டு நாளைக்கு வலி இருக்கும். ஏற்றத்தில் மெல்ல மெல்ல ஏறினாள். தேத்தண்ணி நேரத்தில் நாங்கள் கல்லில் உட்கார, அவள் நின்றுகொண்டே குடித்தாள். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஊசிக்கு மறுநாள், எங்கள் கூட்டத்தில் மூத்தவளான பெரியாயி பிடித்துவிட்டாள்.

“ஏன்டி, புதனுக்குப் புதன் ஆஸ்பத்திரி. மூச்சு வாங்குது, சோறு தண்ணி எறங்கல. எங்ககிட்ட எதுக்கு மறைக்கிற? எத்தன மாசம்?”

இல்லை என்றால், பின்னே எதற்கு ஆஸ்பத்திரி என்று அடுத்த கேள்வி வரும். கலாராணி சும்மா சிரித்து வைத்தாள். அவ்வளவுதான், மலையே சந்தோஷப்பட்டது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாய்ச்சியின் கூடை நிறையாவிட்டால், நிறுப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு கை கொழுந்தை அதில் போடுவோம். கங்காணி பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்பார். அந்த வாரம் முழுக்கப் பதினொரு பேர் போட்டோம். நானும் போட்டேன், நன்றாக அள்ளி, பெருமையோடு. ஒவ்வொரு கை விழும்போதும் அவளுக்கு உடம்பு கூசியிருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாவது புதன்கிழமை கடைசி ஊசியும் முடிந்தது. யாருக்கும் தெரியாமல் சாதித்துவிட்டாள். மறுநாள் நிறுக்கும் இடத்தில் பெரியாயி கொழுந்தோடு வந்தபோது, கலாராணி கூடையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“போடாதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல.”

பெரியாயிதான் மெதுவாகக் கேட்டாள்: “கலைஞ்சிருச்சா?”

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியாயி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, “அழு புள்ள, நல்லா அழுதுரு,” என்றாள். அவள் அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. நாங்களும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதோம்.

தீபாவளிக்கு வந்த சுரேஸிடம் பெரியாயி துக்கம் விசாரித்தாள். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டான். அவனுக்கும் வைத்தியம் முடிந்துவிட்டதாம். வந்த இரண்டு நாளும் அவள் அவனுக்குத் தனிப்பாய் போட்டாள்.

தைப்பொங்கல் கழிந்து, மறுபடி பார்த்த இரத்தம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, விறகு பொறுக்கப் போன இடத்தில் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, பாவி!”

“சொல்லியிருந்தா, அன்னைக்கி அப்பிடிக் கட்டிப் புடிச்சிருப்பீங்களாக்கா?”

பிடித்திருப்பேன் என்று பொய் சொல்லாமல், ஒரு கை விறகை எடுத்து அவள் கட்டோடு சேர்த்தேன்.