பட்டியலில் முதல் பெயர்

கனகசபை அண்ணனைப் போல ஒரு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. அவரைப் போல எரிச்சல் மூட்டுகிறவரையும் பார்த்ததில்லை. பிரிக்பீல்ட்ஸ்காரர். அரசாங்க வேலையில் இருபத்தாறு வருடம் டெலிபோன் லைன் பார்த்துவிட்டு, கிள்ளானில் நான் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்த சரக்கு ஏஜென்சிக்குக் கம்ப்யூட்டர் பார்க்க வந்து சேர்ந்தார். பல்பு மாற்றச் சொன்னாலும் முதலில் ஒரு கோப்பு போடுவார். முழு விவரம் கையில் இல்லாமல் மேலதிகாரி அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது இலாகாவில் அவர் கற்ற பாடம்.

அது தொண்ணூற்றைந்தாம் வருடம். ஆபீஸில் முதலாளியுடையது போகப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், எல்லாம் ஒரே கேபிளில் வரிசையாகக் கோத்தவை. கேபிள் எந்த இடத்தில் கெட்டாலும் பன்னிரண்டும் நின்றுவிடும். வாரத்தில் நாலு நாள் நின்றது. கஸ்டம்ஸ் படிவம் அடிக்க முடியாமல் லோரிகள் துறைமுகத்தில் காத்துக் கிடந்தன. முதலாளி யூனுஸ் கெட்டவர் இல்லை, ஆனால் எத்தனை நாளைக்குத்தான் வாடிக்கையாளர்களிடம் ஏச்சு வாங்குவார்? மூவாயிரம் வெள்ளி தருகிறேன், கோளாறைக் கண்டுபிடிக்க ஏதாவது வாங்குங்கள் என்றார்.

அந்தப் பணத்துக்கு ஒன்றுதான் வாங்கலாம். எத்தனையாவது மீட்டரில் கேபிள் கெட்டிருக்கிறது என்று எண் காட்டும் கைக்கருவி ஒன்று. எந்தக் கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று திரையில் பச்சையும் சிவப்புமாகக் காட்டும் புரோகிராம் இன்னொன்று. அண்ணன் இரண்டு வாரம் ஒப்பிட்டு ஒன்பது பக்கம் எழுதினார். கருவிதான் வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்ததை நானே படித்தேன். ஆனால் விற்க வந்தவன் அந்தப் புரோகிராமை முதலாளியின் மேசையிலேயே ஓட்டிக் காட்டினான். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் பார்க்கலாம் என்றதும் முதலாளிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அண்ணன் வாய் திறக்கவில்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றி அடித்து வைத்தார்.

புரோகிராமில் பெயர்களை ஏற்றும்போதும் இலாகா வழக்கம் அவரை விடவில்லை. சர்வீஸ் பார்த்து வரிசைப்படுத்தினார். பதினேழு வருடம் வேலை பார்த்த வீரம்மா அக்கா முதல் பெயர், கடைசியாகச் சேர்ந்த நான் பன்னிரண்டாவது. உங்களுக்குத்தான் முதல் இடம் என்று அவர் சொன்னபோது அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார். சுங்கை வேயிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். கணவர் இல்லை, மகள் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

அதன் பிறகு லைன் நின்றபோதெல்லாம் முதலாளியின் திரையில் முதலில் சிவந்தது அக்காவின் பெயர். மற்றவை கொஞ்சம் பொறுத்துத்தான் சிவந்தன. அக்காவின் கம்ப்யூட்டர்தான் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழுகிறது என்று முதலாளி முடிவுகட்டினார். காலால் கேபிளை உதைக்கிறார் என்றார். அப்புறம், வேண்டுமென்றே செய்கிறார் என்றார். அக்கா இரண்டு காலையும் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் முதலாளி வெளியே போயிருந்தார். அண்ணன் என் மேசையடியில் கேபிளைக் கழற்றச் சொன்னார். கழற்றிவிட்டு இருவரும் முதலாளியின் திரையைப் போய்ப் பார்த்தோம். அப்போதும் அக்கா பெயர்தான் முதலில் சிவந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புரோகிராம் பட்டியலின் மேலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்க்கிறது. லைன் எங்கே செத்தாலும் முதலில் மாட்டுவது முதல் பெயர்தான். அவ்வளவுதான் விஷயம்.

"இப்பவே சொல்லிரலாம்ணே," என்றேன்.

"பொறு லா, ஜெயராஜ். பழுது எங்கன்னு தெரியாம போய் நின்னா, தப்பான சாமான வாங்கினது நீதானேன்னு கேப்பாரு. சனிக்கிழம என் கூட்டாளி அந்தக் கருவிய எரவல் தரான். முழுசா கண்டுபிடிச்சிட்டுப் போவோம்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தேன்? கேபிளைத் திரும்ப மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி அக்காவிடம் வேலைநீக்கக் கடிதத்தைக் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்குக் கருவி வந்தது. பத்தொன்பதாவது மீட்டர் என்று காட்டியது. அளந்துகொண்டே போனோம், முதலாளி அறைக் கதவடியில் போய் நின்றோம். அவர் கதவைச் சாத்தச் சாத்தக் கேபிள் நசுங்கியிருக்கிறது.

அண்ணன் அன்றைக்குக் கோப்பில்லாமலே உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னார். வேறு ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது, கொடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்க முடியாது என்றார் முதலாளி. அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை.

மறுநாள் இருவரும் சுங்கை வேக்குப் போனோம். அக்கா எங்களை உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். அண்ணன் பட்டியல் விஷயத்தையும் கதவு விஷயத்தையும் சொல்லி முடித்தார்.

"எப்பண்ணே தெரிஞ்சது ஒங்களுக்கு?"

"வியாழக்கெழம."

"வெள்ளிக்கெழம நாம மூணு பேரும் ஒண்ணாத்தான சாப்பிட்டோம்," என்றார் அக்கா. "வேற யாருக்குத் தெரியும்?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு மட்டுந்தாம்மா."

மைலோ ஆறிவிடும், குடி என்று அக்கா என்னிடம் சொன்னார். குடித்தேன்.